கொலை வாள் யாரிடம் இருக்கிறது?

நூலக அறிவியலின் தந்தை என்று நாங்கள் படம் மாட்டி மாலை போடும் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகர் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அதை விட்டு ஓடப் பார்த்தவர். சீர்காழிக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய மனிதருக்கு அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பழைய வேலையே போதும் என்று கல்லூரிக்குத் திரும்பப் போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் இந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு வா, அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் யோசிக்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போனார், பார்த்தார், வந்தார். பிறகு உலகத்துக்கே நூலகம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்.

தனிமை தாங்காமல் ஓடப் பார்த்தார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். காவிரிப் படுகையில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தை நடத்துகிறவள் நான். தனிமை என்பதை நாவல்களில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் நாவல் படிக்க நேரம் இருந்த காலத்தில், அதாவது இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால்.

காலையில் நான் சாவியோடு வருவதற்குள் வாசற்படியில் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மின்வாரியத்தில் இருந்தவர், கூட்டுறவு வங்கியில் இருந்தவர், எங்கே இருந்தார் என்று கடைசிவரை சொல்லாத ஒருவர். கதவு திறந்ததும் செய்தித்தாளுக்குப் பாகப்பிரிவினை நடக்கும். முதல் பக்கம் தலைமையாசிரியருக்கு. அது எழுதப்படாத சட்டம். விளையாட்டுப் பக்கம் மின்வாரியத்துக்கு. கூட்டுறவு வங்கி ராசிபலனை எடுத்துக்கொள்ளும். எங்கே இருந்தார் என்று சொல்லாதவர் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத் துழாவி, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு வணக்கம் சொல்வார்.

இதில் சண்டை வராது. சண்டை குறுக்கெழுத்தில்தான் வரும். யாரோ ஒருவர் பேனாவால் தப்பும் தவறுமாக முதல் நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டுப் போய்விடுவார். ‘நாளிதழில் எழுதாதீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டினேன். மறுநாள் அந்த அறிவிப்பிலேயே ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தி வைத்திருந்தார்கள். கையெழுத்து தலைமையாசிரியருடையது போலத்தான் இருந்தது. கேட்கவில்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி இருக்கிறது. ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த நாற்காலி யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பது பற்றி அவர் எதுவும் சொல்லாமல் விட்டது என் பணிக்காலத்தின் பெரிய இடைஞ்சல்.

பெரியவர்கள் வெயிலுக்கு முன் வீடு திரும்பினால், அடுத்து விசாரணைகள் ஆரம்பிக்கும். “மேடம், ஜெராக்ஸ் எடுக்குமா?” “ஆதார்ல பேரு மாத்தணும், எங்க போகணும்?” “டீச்சர், இந்த பேங்க் சலானை எழுதிக் குடுங்க.” “பிள்ளைய இங்க விட்டுட்டு மார்க்கெட் போயிட்டு வந்துடுறேங்க்கா, புக்கைக் கிழிக்காது, நல்ல பிள்ளை.” ஒரே பகலில் நான் மேடம், டீச்சர், அக்கா எல்லாமாகிவிடுவேன். நூலகர் என்று மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. நூலகவியல் பாடத்தில் இதற்குக் குறிப்புதவிப் பணி என்று பெயர். படிக்கும்போது கலைக்களஞ்சியத்தைப் புரட்டி விடை சொல்வதாகக் கற்பனை செய்திருந்தேன். கலைக்களஞ்சியம் இங்கேயும் இருக்கிறது. கோடை முகாமில் பிள்ளைகள் செய்த களிமண் பிள்ளையார் அதன்மேல்தான் காய்கிறார்.

புத்தகம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. “பச்சை அட்டை போட்ட புக்கு, போன தடவை அந்த மூலையில இருந்துச்சு” என்பார்கள். தலைப்பு சொல்லிக் கேட்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். 1950இல் கல்கி பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து 1954இல் முடிந்த பொன்னியின் செல்வனுக்கு, 2022இல் படம் வந்தபோது எங்கள் ஊரில் மறுபடியும் வெள்ளம் வந்தது. ஐந்து பாகம். எங்களிடம் நான்கு இருக்கிறது. மூன்றாம் பாகத்தைக் காணவில்லை. அதன் பெயர் ‘கொலை வாள்’.

பதிவேட்டின்படி அது ஓர் அன்பரிடம் இருந்தது. அவருக்கு நான் போன் செய்தால் எடுக்க மாட்டார். நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவராகக் கூப்பிடுவார். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார். நானும் வண்டிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேசினேன். “சார், கொலை வாள் உங்க வீட்லதான் இருக்கு, எனக்குத் தெரியும். மறைச்சு வைக்காதீங்க. உங்களுக்கப்புறம் நாலு பேர் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்குள்ள கொண்டாந்து குடுத்துட்டீங்கன்னா நான் மேல யாருக்கும் எழுத மாட்டேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மடியிலிருந்த கூடையோடு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். நடத்துநர் வந்து, நான் கேட்காமலேயே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாள் இன்னும் வரவில்லை. ஒரு விசித்திரம் என்னவென்றால், இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு நேராக நான்காம் பாகத்துக்குத் தாவியவர்களில் ஒருவர்கூடக் கதை புரியவில்லை என்று என்னிடம் சொன்னதில்லை. கல்கியைப் பாராட்டுவதா, எங்கள் வாசகர்களைப் பாராட்டுவதா?

இனி விழாக்களுக்கு வருகிறேன். தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. இதை முடிவு செய்தவர்கள் காவிரிப் படுகைப் பக்கம் நவம்பரில் வந்ததில்லை என்பது என் அசைக்க முடியாத கருத்து. வடகிழக்குப் பருவமழை முழு வேகத்தில் இருக்கும். சாமியானா போட்டால் சாமியானாவுக்குள் மழை. உள்ளே நடத்தினால் அலமாரியை நகர்த்த வேண்டும். அலமாரியை நகர்த்தினால், மேல்தட்டில் எவரும் தொடாத தொகுதிகளுக்குப் பின்னாலிருந்து போன விழாவின் சுண்டல் காகிதம் வெளியே வரும்.

பதாகை அடிப்பதற்குள் வாசகர் வட்டம் இரண்டாக உடைந்து ஒட்டிக்கொள்ளும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யார் பெயருக்கு முன்னால் ‘இலக்கியச் செம்மல்’. வாழ்த்துரைக்கு ஒன்பது பேர். நூல் அறிமுகத்துக்கு ஒருவர், அவருக்கு ஐந்து நிமிஷம். சிறப்பு விருந்தினர் ‘வாசிப்பின் அவசியம்’ என்ற தலைப்பில் ஒன்றேகால் மணி நேரம் பேசுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வாசிக்கிறவர்கள். வாசிக்காதவர்கள் புத்திசாலித்தனமாக வீட்டில் இருப்பார்கள். வாசிக்கிறவர்களிடம் நீங்கள் வாசிப்பதே இல்லை என்று திட்டுவது எங்கள் ஊர் மேடைகளில் மரபாகிவிட்டது. முன்வரிசையில் தலைமையாசிரியர் தலையாட்டிக்கொண்டே தூங்குவார். அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டுமே என்று பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுப்போம். அனுப்பிய பிறகுதான் பார்ப்பேன், பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள்.

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுப்போம் என்று ஒரு நல்ல வழக்கம் வந்தது. நான் உடனே பிடித்துக்கொண்டேன். கெட்டி அட்டை போட்ட ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பளபளவென்று தாள் சுற்றிக் கொடுத்தோம். விழா முடிந்து பார்த்தால் அது மேடை நாற்காலியிலேயே இருந்தது. நூலகத்துப் பொருளை வீணாக்கலாமா? அடுத்த விழாவுக்கு அதையே தாள் சுற்றிக் கொடுத்தோம். அதற்கடுத்த விழாவுக்கும். அந்தப் புத்தகத்தை ஒரு வாசகரும் கடன் கேட்டதில்லை. சிறப்பு விருந்தினர்கள் கைக்கு மட்டும் பலமுறை போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறது. கொலை வாளை எடுத்துப்போனவருக்கு இந்த நேர்மை இல்லை.

சிறுவர் கதை நேரம் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி, ஆனால் பயந்துகொண்டே நடத்துவது. வடை திருடிய காக்கா கதையை ஆரம்பித்தால், “வடையை யாரு சுட்டது, அவங்களுக்கு ஏன் யாரும் காசு குடுக்கல?” என்று இரண்டாம் வகுப்பு கேட்கும். கதை அங்கேயே நின்றுவிடும். இதற்குப் பதில் இல்லாமல்தான் நாம் இத்தனை தலைமுறையாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் நடத்தியதிலேயே ஊரை உண்மையாகப் படிக்க வைத்த நிகழ்ச்சி எது என்று கேட்டால், அது இலக்கிய விழா அல்ல, கண் சிகிச்சை முகாம்தான். வேறு இடம் கிடைக்காமல் ஒரு சேவைச் சங்கத்தார் எங்கள் கூடத்தைக் கேட்டார்கள். எழுத்துப் பலகையை அறிவிப்புப் பலகைக்கு மேலேயே மாட்டினார்கள். ராசிபலன் வாசகருக்குக் கண்ணாடி கொடுத்தபோதுதான் தெரிந்தது, மனிதர் துலாம் என்று நினைத்து இத்தனை நாளும் விருச்சிகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். “அதான் ஒண்ணுகூடப் பலிக்கல” என்றார் நிம்மதியாக.

பேரனைக் கொண்டுவந்து விடும் ஒரு பாட்டி, எனக்குப் படிப்பு வராது என்று வாசலோடு நின்றுகொள்வார். அன்று வரிசையில் நின்றார். கண்ணாடி போட்டதும் பலகையில் இருந்ததைக் கடைசி வரிவரை படித்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த நூலக விதிகளையும் படித்தார். எட்டாவதுவரை படித்தவராம். படிப்பு வராமல் இல்லை, எழுத்துதான் தெரியவில்லை. மறுவாரம் ரமணிசந்திரனில் ஆரம்பித்தார். இப்போது அந்த அலமாரியே முடியப்போகிறது. “எல்லாத்துலயும் கடைசில கல்யாணம் ஆயிடுது, அதுக்கப்புறம்தானே கதையே” என்று குறைப்பட்டுக்கொண்டு அடுத்ததைக் கேட்கிறார்.

வாசிப்பின் அவசியம் பற்றி அவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சொற்பொழிவுகள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. வெளிச்சம், காற்று, நாற்காலி, கண்ணாடி. இந்த நாலும் சரியாக இருந்தால் ஜனங்கள் படிப்பார்கள். இது புதிதும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் 1931லேயே புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வந்து படியுங்கள் என்று அழைப்பிதழ் அடிக்காமல், படிக்கிறவர் வீட்டு வாசலுக்கே வண்டியை விட்டார். ஒன்பது வாழ்த்துரைக்கு அந்த இரண்டு மாடுகள் மேல்.

மாலையில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் வருவார்கள். குரூப் 4, குரூப் 2 என்று அவர்களுக்குள் ஒரு வருணாசிரமமே உண்டு. என் புத்தகம் அவர்களுக்கு வேண்டாம். அவர்களே பை நிறையக் கொண்டுவருவார்கள். வேண்டியது மேசையும், விளக்கும், கைப்பேசிக்குச் சார்ஜ் போட ஒரு துளையும், ‘எப்பத்தான் வேலைக்குப் போவ?’ என்று கேட்க ஆளில்லாத ஓர் இடமும். அவர்களைப் பார்த்து, இவர்களெல்லாம் வாசகர்களா என்று சில இலக்கிய அன்பர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிதுக்கட்டும். மழை நாளிலும் வந்து கதவைத் தட்டுவது இவர்கள்தான், அன்பர்கள் அல்ல. தேறியவர்கள் இனிப்போடு வருவார்கள். சிலர் முதல் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகியிருக்கிறார்கள். அப்படி என் மேசையில் படித்து ஓர் அலுவலகத்துக்குப் போன பையனிடம், ஒரு சான்றிதழுக்காகப் போய் நின்றேன். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “அடுத்த வாரம் வாங்க மேடம்” என்றான். நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

ஊரில் என்னைப் பார்க்கிற பலர், “லைப்ரரிக்கு வரணும்னுதான் நினைக்கிறேன், ஓசியில உட்கார்ந்து படிக்கக் கூச்சமா இருக்கு” என்கிறார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948இல். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் அந்த ஓடப் பார்த்த ரங்கநாதன்தான். அந்தச் சட்டத்தின்படி, நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். ரசீதை எடுத்துப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். வாடகை வீட்டுக்காரர்களும் தயங்க வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் அதை எப்படியும் வாடகையில் சேர்த்திருப்பார்.

ஆகவே காசு முன்னாலேயே கட்டியாயிற்று. வாருங்கள். புத்தகம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, காற்றாட உட்கார்ந்துவிட்டுப் போங்கள். எப்போது வந்தாலும் பூட்டியே கிடக்கிறது என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று மட்டும்: நீங்கள் வருவது வெள்ளிக்கிழமை. அன்று எங்களுக்கு வார விடுமுறை.