புதுப் பிள்ளைகளை வரவேற்பது எப்படி? விருத்தாசலம் செய்முறை

கல்லூரி திறக்கிற மாதம். வரவேற்பு விழாக் குழுவுக்கு உங்களைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு வராதவர் நீங்கள் ஒருவர்தான் என்பது தவிர வேறு காரணம் இல்லை. பதறாதீர்கள். மூன்றாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து இந்த மாதிரி விழாக்களை நிறையப் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் நேரம். அழைப்பிதழில் 10 மணி என்று போடுங்கள். பிள்ளைகள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். பெண்ணாடத்திலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதற்கு முந்தின பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்துக்கு மைக்கை ஒருவரிடம் கொடுத்து ‘ஹலோ, ஹலோ’ சொல்லச் சொன்னால் போதும். அதுவும் ஒரு கலை நிகழ்ச்சிதான்.

இது மண் வேலை தெரிந்த ஊர். அதனால் ஓர் எச்சரிக்கை: செராமிக் காலேஜ் பக்கமோ தொழிற்பேட்டைப் பக்கமோ போய் யோசனை கேட்டுவிடாதீர்கள். காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு பால் மில்லில் அரைப்பார்கள். அந்தக் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஊற்றிவிட்டுச் சும்மா நிற்பார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் தோல் கட்டும். மிச்சக் கூழைத் திருப்பி ஊற்றிவிட்டு, இறுகும்வரை மறுபடியும் சும்மா நிற்பார்கள். எடுத்ததை நிழலில் காயவைப்பார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, பொம்மை வாயைக் கோணிக்கொள்ளும். சூளையிலும் இதே நிதானம். 573 டிகிரி வாக்கில் குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே சூட்டை வேகமாக ஏற்றினாலும் இறக்கினாலும் பாத்திரத்தில் விரிசல் விழும். இப்படிப்பட்டவர்களிடம் போய், பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரே காலையில் பாடத்திட்டம், இன்டர்னல் மார்க், 75 சதவீத வருகை, கட்டணக் கெடு, உதவித்தொகைப் படிவம் எல்லாவற்றையும் ஊற்றலாமா என்று கேட்டால், ‘கொஞ்சம் காயட்டும் சார்’ என்பார்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு ஏது இடம்?

பீங்கான் ஊர் என்ற பெருமையையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு அக்ரிலிக் ஷீல்டு, டீக்கு பேப்பர் கப். தொழிற்பேட்டைச் சூளையிலிருந்து இறங்கிய பொம்மை ஒன்றைக் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், ‘உடைந்துவிடும்’ என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம்.

புது ஆசிரியர்களையும் மறக்கக் கூடாது. நிரந்தரப் பணியில் சேர்ந்தவருக்குச் சால்வை. கௌரவ விரிவுரையாளருக்குப் பெயரிலேயே கௌரவம் இருக்கிறது, நாற்காலி வேறு எதற்கு? அவரைக் கூட்டத்தை அமைதிப்படுத்தும் வேலைக்கு அனுப்புங்கள். புதியவர் என்பதால் பிள்ளைகள் சீனியர் என்று நினைத்துக்கொள்வார்கள், பயந்து அடங்குவார்கள். (பயம் என்றதும் ஒன்று. ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு வரியை மட்டும் கிண்டல் இல்லாமல் மேடையில் சொல்லுங்கள்.)

சிறப்பு விருந்தினர் பேச்சில் உள்ளூர்ச் சரக்கு வேண்டும் என்பார். எச்சரிக்கை: புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்று எங்கோ படித்திருப்பார், இந்த மண்ணின் மைந்தர் என்று முழங்கிவிடுவார். அவர் பிறந்தது 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில். குறுக்கிடாதீர்கள், கைதட்டல் கெட்டுவிடும்.

அதைவிட நல்ல சரக்கு கோயிலிலேயே இருக்கிறது. பழமலைநாதர் தந்த 12,000 பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆற்றில் போடுவதற்கு முன் மாற்றுப் பார்க்க ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். குளத்திலிருந்து எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருந்தது அந்தத் துண்டால்தான் தெரிந்தது. கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான். அவரிடம் வாங்கியதற்கே இந்த முன்ஜாக்கிரதை என்றால், அலுவலக ஜன்னலில் அசல் மார்க் ஷீட்டை நீட்டுகிற பிள்ளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாமா? இதை மேடையில் சொல்லாதீர்கள். அலுவலகத்துக்காரர்கள் முதல் வரிசையில் இருப்பார்கள்.

குறைதீர்க்கும் பெட்டி ஒன்று திறந்து வைப்பது மரபு. பூட்டு புதிதாக இருக்கட்டும், சாவி யாரிடம் என்பது அடுத்த வருடக் குழுவின் கவலை. இதில் உங்களுக்குப் போட்டி மணவாளநல்லூர்க் கோயில் கொளஞ்சியப்பர்தான். அங்கே காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தூரம் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். காரியம் முடிந்ததும் மனுதாரரே திரும்ப வந்து வாபஸ் வாங்கிக்கொள்கிறார். கோப்பை முடிக்க இத்தனை ஒழுங்கான முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆகவே விடுதித் தண்ணீர் பற்றிய மனுக்களைப் பிள்ளைகள் எங்கே கொண்டுபோவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நன்றியுரைக்கு நீளம் முக்கியம். பந்தல் போட்டவர்வரை பெயர் வர வேண்டும், பிள்ளைகள் மட்டும் ‘மற்றும் அனைவருக்கும்’ என்பதில் அடங்கிவிடுவார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாரும் அறிவிக்காததால், அதற்குள் முதல் வருடப் பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள்.

விருந்தினர் ‘இறுதியாக ஒன்று’ என்று தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். நான்காவது ‘இறுதியாக’ வருகிற நேரத்துக்கு மங்கலம்பேட்டை பஸ் போயிருக்கும்.