38.5 டிகிரி நிம்மதி

வெந்நீர்த் தொட்டியில் கிடந்தால் மனச்சோர்வு குறையும் என்றால் சிரிப்பு வரும். சிரிப்பவர்கள் 1927-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைச் சற்று நினைத்துக்கொள்ளலாம். மேகநோய் மூளையைத் தாக்கியவர்களுக்கு மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலாலேயே குணம் காட்டிய வியன்னா மருத்துவர் வாக்னர்-யாரெக்குக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். காய்ச்சலிலேயே சிலர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதால், தொட்டி எவ்வளவோ தேவலாம். 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்களின் உடல் உள்வெப்பத்தை ஒரே ஒரு முறை 38.5 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு வாரம் வரை தேறியிருந்தார்கள். ஆனால் இரு தரப்பையும் சேர்த்தாலே சுமார் 30 பேர்தான்.

அந்த 30 பேரின் வியர்வையில்தான் இன்று உடலைச் சூடேற்றும் அகச்சிவப்புப் போர்வைகளின் வியாபாரம் நீந்துகிறது. ஆய்வில் உள்வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தார்கள்; விளம்பரத்தில் அளக்கப்படுவது நம் பணப்பை மட்டுமே. “சூடு பட்டால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்கலாம். லித்தியம் சாப்பிடுபவர் வியர்த்து நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு நஞ்சாகும் வரை ஏறக்கூடும். மனநல மாத்திரைகள் சில, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனையே குறைக்கும். “அப்படியானால் ஒன்றுமே வேண்டாமா?” வேண்டும்: மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இதமான வெந்நீர்க் குளியல். செலவு குறைவு என்பதுதான் அதன் ஒரே குறை; அதனால்தான் அதை விற்க யாரும் வருவதில்லை.