குற்றவியல் ஆய்வேட்டுக்காரர்

குற்றவியல் முதுகலை மாணவர் கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கைடாக ஒரு பேராசிரியரை ஒதுக்கிய மறுநாளே தலைப்போடு போய் நிற்பார். அது பெரும்பாலும் தொடர்கொலையாளியின் மனநிலை. ஓடிடியில் விடிய விடியப் பார்த்த தொடர்கள்தான் முன்னாய்வு. “எத்தனை கொலையாளியப் பார்த்துப் பேசப்போறீங்க தம்பி?” என்று கைடு கேட்டதும், தலைப்பு புழல் மத்திய சிறையின் ஆயுள் கைதிகளுக்கு இறங்கும். துறைத்தலைவர் கையெழுத்து, கேள்வித்தாள் நகல் எல்லாம் வைத்துச் சிறைத்துறைத் தலைமையகத்துக்குப் போன கடிதம் பொங்கல் கழிந்தும் பரிசீலனையிலேயே இருக்கும். சரி, கூர்நோக்கு இல்லச் சிறுவர்கள் என்றால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி சிறுவரின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது. அதற்கும் தனி அனுமதி. இதைக் கேட்கும் மாணவர் முகத்தில் ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் கூடுதலாகத் தெரியும். மார்ச் பிறக்கையில் கொலையும் சிறையும் போய், ‘கல்லூரி மாணவரிடையே இணையவழிக் குற்றம் பற்றிய விழிப்புணர்வு’ மிஞ்சும். மாதிரி அளவு 100. சதவீதம் போடச் சௌகரியம்.

முதல் இயல் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து வரும். தாடையையும் காதையும் அளந்தே பிறவிக் குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்று 1876இல் புத்தகம் போட்ட லொம்புரோசோவுக்கும் ஓடிபி மோசடிக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. சீனியரிடம் இருந்தார், இங்கேயும் இருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி பத்து சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனையில்லை. மிச்சத்தைக் குறைக்க, சொல்லை மாற்றித்தரும் மென்பொருளிடம் கொடுப்பார். ‘சிறைக் கைதி’ ‘கூண்டில் தங்கியவர்’ ஆகித் திரும்பி வருவார்.

களப்பணிதான் இவருடைய குணத்தைக் காட்டும் இடம். வாட்ஸாப் குழுக்களில் ஏழெட்டுத் தடவை கும்பிடு போட்டு அனுப்பிய படிவத்துக்குப் பாதிப் பேர்கூடப் பதில் தரமாட்டார்கள். மீதியை விடுதி அறையில், ராத்திரியோடு ராத்திரியாக, நீலம் கறுப்பு பச்சை என்று பேனா மாற்றி அவரே நிரப்புவார். சைக்ஸ், மாட்சா என்ற இருவர் இளங்குற்றவாளிகள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை 1957இல் ஐந்தாக வகுத்தார்கள். “கைடு கடைசி நேரத்துல டாப்பிக்க மாத்தினாரு, நான் என்ன பண்றது?” என்பது பொறுப்பு மறுப்பு. “இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்பது தீங்கு மறுப்பு. பதில் போடாத பயல்களுக்கு இது வேண்டும் என்பது மூன்றாவது. “போன பேட்ச்ல யாரு ஒழுங்கா பண்ணாங்க?” என்பது கண்டிப்பவரையே கண்டிப்பது. கூட உட்கார்ந்து டிக் அடிக்கும் அறைத்தோழர், “நண்பனுக்காகத்தானே” என்று ஐந்தாவதைச் சொல்லி முடிப்பார். இருவருமே இதைப் போன பருவத்தில் பத்து மதிப்பெண் வினாவுக்கு எழுதித் தேறியவர்கள்.

கைடுக்குத் தெரியாமலில்லை. 37ஆவது தாளில் ‘ஆண்’ என்று குறித்தவர் மகளிர் விடுதியில் வசிப்பதாகப் பச்சை மையில் எழுதியிருப்பதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நாக் தரமதிப்பீடு நடக்கிற வருடத்தில் அவருக்கே கோப்பு தைத்து மாளாது.

கை ஸ்கொயர் சோதனையை ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ‘டேட்டா அனாலிசிஸ்’ போர்டு மாட்டியவர் போட்டுத் தருவார். பாலினத்துக்கும் விழிப்புணர்வுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று வரும். பரிந்துரைகளில், இணையவழி மோசடிக்கென அரசு ஓர் உதவி எண் தொடங்க வேண்டும் என்றிருக்கும். 1930 என்ற எண் நாடு முழுக்க ஏற்கெனவே இயங்குவது, விழிப்புணர்வை ஆய்ந்தவருக்கு மட்டும் எட்டாத செய்தி.

கறுப்பு ரெக்சின் பைண்டிங்கில் பொன்னெழுத்து மின்ன வைவாவுக்கு வருவார். மோசடிக்கு எந்தப் பிரிவு என்று எக்ஸ்டர்னல் கேட்பார். “420 சார்” என்பார், தயங்காமல். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318 என்று எக்ஸ்டர்னல் திருத்துவார். 37ஆவது தாளை யாரும் புரட்டமாட்டார்கள். எக்ஸ்டர்னலுக்கு நாலு மணி ரயில்.