கரிக்கு 27 வருஷம், கதிருக்கு 2 மாசம்

வா மாப்ள, உக்காரு. சேத்தியாத்தோப்பு கடைவீதியில நீ பேசினது என் காதுக்கும் வந்துது. "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு அரசாங்கம் நம்ம வரிப்பணத்தைக் கரைக்குது, அதையெல்லாம் கம்பெனிக்காரன்கிட்ட விட்டா அவன் பாத்துக்குவான்"னியாமே. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் எதுத்துப் பேசல. வயசானவனுக்கு நாலு சந்தேகம், அதைக் கேட்டுட்டுப் போயிடுறன்.

1935 வாக்குல நெய்வேலியில ஜம்புலிங்க முதலியார் தன் நெலத்துல தண்ணிக்குத் தோண்டினாரு. தண்ணியோட கருப்பா ஏதோ சேந்து வந்துது. உன் கம்பெனிக்காரன் அப்பவும் இருந்தானே? மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆபீஸ் வெச்சு, பருத்தியும் தோலும் கப்பல் ஏத்திக்கிட்டுத்தான் இருந்தான். அவன் ஓடியாந்து "முதலியாரே, இந்தாங்க பணம், ஊரு பூரா தொளை போட்டுப் பாப்போம்"னானா? ஒரு கம்பெனி சில தொளை போட்டுப் பாத்துட்டு வுட்டுடுச்சு, அதோட சரி. அவன் மேல தப்பும் இல்ல. தொளை போட்டு ஒன்னும் சிக்கலன்னா போட்ட காசு போச்சு. சிக்கிடுச்சுன்னா அடுத்த நெலத்துக்காரனுக்கும் அந்தச் சேதி சும்மாவே தெரிஞ்சுடும். நட்டம் வந்தா எனக்கு, லாபம் வந்தா எல்லாருக்கும்னா எந்தச் செட்டியாரு பையை அவுப்பாரு?

பையை அவுத்தது சர்க்காரு. 1943-லேர்ந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆளுங்க இந்தப் பக்கம் தொளை போட்டுப் பாத்தாங்க. பழுப்பு நெலக்கரி இருக்குதுன்னு தெரிஞ்ச பொறவும் வெட்ட முடியல. ஏன் தெரியுமா? கரிக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது. மேல் மண்ணை எடுத்தா அது கீழேர்ந்து பீறிக்கிட்டுக் குழியை ரொப்பிடும். ராப்பகலா எறைச்சா அந்த அழுத்தம் கொறையுமா, அதுக்கு எத்தனை போர் வேணும், எவ்வளவு தூரத்துல வேணும்? ஐம்பதுகளோட தொடக்கத்துல ஒரு சோதனைக் குழியே வெட்டிப் பாத்தாங்க மாப்ள. உன் பாஷையில சொன்னா, குழி தோண்டித் தண்ணி எறைக்கிறதுக்கு வரிப்பணம்! அந்தக் கணக்கு தேறின பொறவுதான் 1956-ல சர்க்காரு கம்பெனி பதிவாச்சு. 1957 மே 20-ல நேரு வந்து தொடங்கி வெச்சாரு. 1961-ல கரி கண்ணுல பட்டுது, 1962-ல கரண்டு கம்பியில ஏறிச்சு. முதலியாரு கெணத்துலேர்ந்து கம்பி வரைக்கும் 27 வருஷம். உன் கம்பெனிக்காரன் மூனு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு காட்டுற ஆளு, 27 வருஷம் வட்டி கட்டிக்கிட்டுக் குந்தியிருப்பானா? இன்னிக்கு அந்த நெய்வேலிக் கம்பெனி வருஷத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல லாபம் காட்டுது. பங்கு வாங்கலாமான்னு நீயே கேட்டவந்தான்.

கரியை வுடு, கரும்புக்கு வா. எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்கு லோடு அடிக்கிறாங்களே, அது என்ன ரகம்னு வண்டிக்காரனைக் கேளு. 86032-ம்பான். அதுக்கு முன்னால 'கோ'ன்னு இங்கிலீஷ்ல ரெண்டெழுத்து இருக்குது, அது கோயமுத்தூரு. 1912-ல அங்க கரும்பு இனப்பெருக்க நெலையம் தொறந்தாங்க. பார்பர்னு ஒரு வெள்ளக்காரரும் நம்ம டி.எஸ். வெங்கட்ராமனும் என்னா பண்ணாங்க தெரியுமா? ஆத்தங்கரையில மாடுகூட மோந்துட்டுப் போற நாணலைக் கொண்டாந்து நல்ல கரும்போட கலந்தாங்க. அப்ப நீ அங்க இருந்திருந்தா, "புல்லுக்கும் கரும்புக்கும் கல்யாணம் பண்ண அரசாங்கம் சம்பளம் குடுக்குது"ன்னு கடைவீதியில சிரிச்சிருப்ப. 1918-ல கோ 205 வந்துது, வடநாட்டுக் குளிரையும் தாங்கிச்சு. ஜாவா சர்க்கரைக்குக் காசு அழுத நாடு மெல்ல மெல்லத் தன் சர்க்கரையைத் தானே ஆட்டிக்கிச்சு.

இதுல நீ கவனிக்க வேண்டிய வெவகாரம் ஒன்னு. கரும்புக் கரணையை நான் நட்டா, அடுத்த வருஷம் என் வரப்பைத் தாண்டி உன் கொல்லைக்கு வந்துடும். நீ என்கிட்ட காசா குடுத்த? ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்ப, அதுவும் சக்கரை கம்மியா. டீயை நம்பி எந்த மொதலாளி ஆராய்ச்சிக்கூடம் கட்டுவான்?

சரி, ரகத்தைக் கண்டுபிடிச்சாச்சு, ஆபீஸைப் பூட்டிட்டுப் போவலாம்ல? அதுவும் ஆவாது. உத்தரப்பிரதேசத்துல கோ 0238-னு ஒரு ரகம் விவசாயியையும் ஆலைக்காரனையும் கொழிக்க வெச்சுது. மாநிலம் பூரா அதையே நட்டான். செவ்வழுகல் நோவு வந்து உக்காந்துக்கிச்சு. இப்ப மறுபடி புது ரகம் தேடுறான். நோவு லீவு போடாது மாப்ள. விருத்தாசலத்துல முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் ஆராய்ச்சிப் பண்ணை கெடக்குதே, பண்ருட்டிக்காரனைக் கேட்டா அதோட அருமையை அவனே சொல்லுவான், நான் இழுக்கல.

இவ்வளவு கரைக்கிறாங்க கரைக்கிறாங்கன்னியே, எவ்வளவுன்னு பாத்தியா? 2020-21 கணக்குல, நாடு 100 ரூபா சம்பாதிச்சா ஆராய்ச்சிக்குப் போனது 64 காசு. தென்கொரியாக்காரன் நாலு ரூபாய்க்கு மேல வெக்கிறான், அதுலயும் முக்காவாசிக்கு மேல கம்பெனிங்க போடுறது. இங்க கம்பெனி போடுறது மூனுல ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட்ல அனுசந்தான்னு தேசிய ஆராய்ச்சி அமைப்புக்குச் சட்டம் போட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னாங்க. நானும் கை தட்டினன். அப்புறம் பாத்தா, அதுல 36,000 கோடி வெளியிலேர்ந்து, கம்பெனி, கொடையாளின்னு வரணுமாம். அடுத்தவன் மொய் எழுதுவான்னு நம்பி பந்தல் போட்ட கல்யாணம் மாதிரி இருக்குது.

அந்தச் சட்டம் வரதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜூலை 26, நம்மூர்ல என்னா நடந்துது? நெய்வேலிக் கம்பெனியோட சுரங்கத்துக்காகப் பரவனாத்தைத் திருப்பி வுட வாய்க்கா வெட்டணும்னு, பச்சையா நின்ன நெல்லுல பொக்லைன் எறங்குச்சு. நெலத்தை எப்பவோ எடுத்தாச்சு, பயிர் வெக்காதேன்னு சொல்லியாச்சுன்னு நிர்வாகம் சொன்னதும் நெசந்தான், மறைக்கல. ஆனா அறுப்பு வரைக்கும் ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதான்னு உயர்நீதிமன்றமே கேட்டுதே. ஏக்கருக்கு 40,000 ரூபா பயிருக்குக் குடுக்கச் சொன்னாங்க. கரிக்கு 27 வருஷம் காத்திருக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்குக் கதிருக்கு 2 மாசம் பொறுமை இல்ல.

உடனே "பாத்தியா மாமா, அதான் ஆராய்ச்சியே வேணாம்னன்"னு கெளம்பாத. பொக்லைன் ஆராய்ச்சி பண்ண வரல. கரியை எடுக்க எவ்வளவு படிச்சாங்களோ, அந்த அளவுக்கு எடுத்த பொறவு ஆவறதையும் படிச்சாங்களான்னு கேளு. பொரட்டிப் போட்ட மண்ணுல திரும்ப நெல்லு வெளைய எத்தனை வருஷம் ஆவும்? எந்த ஊருல எத்தனை அடிக்குத் தண்ணி எறங்குச்சு, வருஷா வருஷம் அளக்குற ஏடு எங்க இருக்குது? லாபத்துல இதுக்குன்னு எவ்வளவு ஒதுக்கினாங்க? அந்த ஏட்டை ஊராட்சி ஆபீஸ் செவுத்துல ஒட்டச் சொல்லு.

இதையெல்லாம் அடுத்த கிராமசபையில மனுவா குடு. தமிழ்லயே எழுது. பதில் இங்கிலீஷ்ல முப்பது பக்கம் வரும், வரட்டும். படிச்சுச் சொல்ல நீ இருக்கியே, உன்னை இஞ்சினியரிங் படிக்க வெச்ச காசுலயும் கொஞ்சம் அரசாங்கத்தோடதுதான.