எல்லோருக்குமான சிலரின் சபை

கூட்டம் சேர்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது? 2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் ட்விட்டருக்குப் போட்டியாகத் திரெட்ஸ் ஆப்பைத் திறந்தது. ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தராதரம் பார்க்காத அந்த அவசரத்தை என்னவென்று சொல்வது! மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் பெருமக்களே, நீங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். 2016-ல் தொடங்கிய நீங்கள், இத்தனை ஆண்டு கழித்தும் மாதம் ஒருமுறையாவது வந்துபோகிறவர்களின் தொகையைச் சில லட்சங்களுக்குள்ளேயே கட்டிக் காத்து வருகிறீர்கள். விளம்பரம் செய்து ஆள் பிடிக்க ஆயிரம் பேருக்குத் தெரியும். தானாகத் தேடி வந்தவரை வந்த வழியே அனுப்பிவைக்கும் வித்தை உங்களுக்குத்தான் கைவந்திருக்கிறது.

கொள்கையில் உங்களைக் குறை சொல்ல யாராலும் முடியாது. உலகத்தின் பேச்செல்லாம் ஒரு முதலாளியின் கையில் சிக்கக் கூடாது என்பது உங்கள் வேதம். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் படித்த யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் உருவாக்கிய இந்த மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் நடத்தலாம். அந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பே அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. விளம்பரம் கிடையாது. யார் எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அல்காரிதம் கிடையாது. இது மக்கள் அனைவருக்குமான இடம். மக்கள் வந்து அதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி; அதையும் குறைவில்லாமல் செய்திருக்கிறீர்கள்.

வாசலிலேயே தொடங்குகிறது உங்கள் திறமை. சேர விரும்புகிறவர் முதலில் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஒரு பேருந்து ஓட்டுநராகவோ பள்ளி ஆசிரியையாகவோ இருக்கலாம். இன்னும் உள்ளே ஒரு வார்த்தைகூடப் பேசியிராத அவர், எந்த சர்வரின் அட்மின் நம்பத் தகுந்தவர், எந்த சர்வர் எந்தெந்த சர்வர்களைத் தடைசெய்திருக்கிறது, எதற்கு ஆயுள் கெட்டி என்றெல்லாம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். சில சர்வர்களில், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பமே எழுதித்தர வேண்டும். அட்மின் படித்துப் பார்த்து அனுமதிப்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி, எந்தச் சமையல்காரர் கையால் சாப்பிட உத்தேசம், ஏன் பசிக்கிறது என்று விசாரித்தால் பந்தி எவ்வளவு அமைதியாக நடக்கும்! அந்த அமைதி உங்களிடம் நிலவுகிறது. 2023 மே மாதத்தில் உங்களுக்கே மனம் இளகி, புதிதாக வருகிறவருக்கு ஆப்பிலேயே ஒரு சர்வரை முதல் பரிந்துரையாக வைத்தீர்கள். உடனே உங்களுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. வாசல் எளிதானால் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவார்களே, பரவலாக்கம் என்னாவது? விழிப்பு என்றால் இதுவல்லவா விழிப்பு.

ஒன்றும் புரியவில்லையே என்று தலையைச் சொறிகிறவருக்கும் பதில் தயாராக இருக்கிறது. ‘ரொம்ப சுலபம், மின்னஞ்சல் மாதிரிதான்’ என்பீர்கள். மின்னஞ்சல் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் போன் வாங்கிய அன்று கடைக்காரர் திறந்துகொடுத்த ஜிமெயில் கணக்கோடு வாழ்கிறார்கள். சர்வர் என்று ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சின்ன விவரத்தைப் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறீர்கள்.

இத்தனையும் தாண்டி உள்ளே நுழைந்தவருக்கு வெறும் பக்கம் காத்திருக்கும். நண்பர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் அவர் பெயரோடு சர்வரின் பெயரும் தெரிய வேண்டும். தெரிந்து தேடிப் பிடித்தாலும், வேறு சர்வரில் இருப்பவரின் பழைய பதிவுகள் பலவும் இங்கே தெரியாது. அங்கேயே போய்ப் படித்துக்கொள்ளச் சொல்லி ஒரு லிங்க் இருக்கும். 2025 வரை ஒரே பதிவுக்கு ஒரு சர்வரில் பன்னிரண்டு பதில்கள் தெரிந்தன, இன்னொன்றில் மூன்று. இது கோளாறு என்று நினைப்பவர் பாமரர். இதுதான் கட்டமைப்பு என்று விளங்கிக்கொள்பவருக்கே அங்கே இடம். முன்பின் அறியாதவர் எழுதியதைச் சொல் கொடுத்துத் தேடும் வசதி 2023 செப்டம்பரில் 4.2 பதிப்போடுதான் வந்தது. அதுவும் எழுதியவர் சம்மதம் கொடுத்திருந்தால் மட்டும். அதுவரை ஹேஷ்டேக் போட்டவர் கண்ணில் பட்டார், போடாதவர் காற்றோடு பேசினார். பிறர் பதிவை மேற்கோள் காட்டி எழுதும் வசதியை, கிண்டலுக்குத்தான் பயன்படும் என்று 2025 வரை தரவில்லை. கிண்டல் குறைந்தது உண்மை. கிண்டல் செய்ய ஆளும் வேண்டுமல்லவா?

ஆள் வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2019 நவம்பரில் நம் நாட்டிலிருந்தே ஒரு படை கிளம்பி வந்தது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியிருந்தது. நாஜிக் கூட்டத்தில் எல்லோரும் கைநீட்டி வணங்க, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் பழைய புகைப்படத்தை அவர் தன் பக்கத்தில் வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். எழுத்தாளர்களும் மாணவர்களும் ஆவேசத்தோடு மாஸ்டடானுக்கு வந்தார்கள். உங்களிடம் தொலைநோக்கு இருந்தது. ஆவேசத்துக்கு இடம்கொடுக்காமல் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டீர்கள். எங்கே யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடிச் சலித்து, சில வாரங்களில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். தங்களைத் தண்டித்த நிறுவனத்திடமே மக்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பற்றற்ற அமைப்பு உலகில் வேறு எங்கே இருக்கிறது?

அடுத்து வந்தது பெருவெள்ளம். 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கி முடித்தார். மூன்று லட்சம் அளவில் இருந்த உங்கள் மாதாந்தரக் கூட்டம் இரண்டே மாதத்தில் 25 லட்சத்தைத் தொட்டது. வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் கொண்டாடியிருப்பார்கள். நீங்கள் நிதானம் இழக்கவில்லை. வந்தவர்களுக்கு முதல் நாளே ஒழுக்கம் போதித்தீர்கள். அரசியல் பேசினால் எச்சரிக்கைத் திரை போடு; படம் போட்டால் விவரிப்பு எழுது; ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கு; ட்விட்டர் பழக்கத்தைக் கொண்டுவராதே. படத்துக்கு விவரிப்பு எழுதுவது பார்வையற்றவர்களுக்கு உதவும் நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்தைக்கூடக் கேட்பவர் ஓடிப்போகும்படி சொல்லித்தர ஒரு தனிக் கலை வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் தாங்கள் அன்றாடம் அனுபவிக்கும் நிறவெறியை எழுதியபோது, மற்றவர் மனம் நோகாமல் இருக்கத் திரை போட்டு எழுதும்படி கேட்டுக்கொண்ட பண்பாளர்களும் உங்களிடையே இருந்தார்கள். அடி வாங்கியவரிடம் சத்தம் போடாமல் அழச் சொல்லும் நாகரிகம் எல்லோருக்கும் வந்துவிடாது. சில மாதங்களில் வெள்ளம் வடிந்தது.

கணினி தெரிந்தவர்கள் மட்டுமே உங்களிடம் வருகிறார்கள் என்று சிலர் அபாண்டமாகப் பேசுகிறார்கள். 2017 ஏப்ரலில் ஜப்பானில் நடந்ததை அவர்கள் அறியவில்லை. ஓவியர்கள் படங்களைப் பகிரும் பிக்ஸிவ் தளத்தை நடத்தும் நிறுவனம் பாவூ என்ற மாஸ்டடான் சர்வரைத் தொடங்கியது. ஓவியர்கள் குவிந்தார்கள், அன்றைய மாஸ்டடான் உலகிலேயே பெரிய சர்வராக அது வளர்ந்தது. அந்த ஓவியர்கள் யாரும் நெறிமுறையைப் படித்துவிட்டு வரவில்லை. பழகிய நிறுவனம், தெரிந்த முகங்கள், ஒரே வாசல், வந்துவிட்டார்கள். சாதாரண மனிதர்கள் எப்படி வருவார்கள் என்பதற்குக் கண்ணெதிரே கிடைத்த அந்தச் சான்றை நீங்கள் பார்க்காமல் இல்லை. பார்த்த பிறகும் பின்பற்றாமல் இருந்ததில்தான் உங்கள் உறுதி தெரிகிறது.

இன்னொருவர் பின்பற்றினார். டொனால்டு டிரம்பின் ட்ரூத் சோஷியல் தளம் உங்கள் நிரலின் மேல்தான் கட்டப்பட்டது. மூலநிரலை வெளியிடாமல் பயன்படுத்துகிறார்கள் என்று 2021-ல் நீங்கள் கண்டித்தீர்கள், பிறகு வெளியிட்டார்கள். மற்ற சர்வர்களோடு பேசும் இணைப்பு அங்கே கிடையாது. ஒரு பெயர், ஒரு வாசல். சர்வர் என்றால் என்னவென்று கேட்டிராத அவருடைய ஆதரவாளர்கள் சிரமமில்லாமல் உள்ளே போனார்கள். உங்கள் நிரல் சாதாரண மக்களையும் தாங்கும் என்று நிரூபிக்கும் வாய்ப்பை அவருக்கு விட்டுக்கொடுத்த தியாகம் சரித்திரத்தில் நிற்கும்.

சுதந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முதலாளிக்கு அடிமையாக இருக்கக் கூடாது என்பதால் ஆயிரக்கணக்கான குட்டி அதிபர்களை உருவாக்கியிருக்கிறீர்கள். ஹாரி பாட்டர் கதையை வைத்து வந்த ஒரு வீடியோ கேம் பற்றிய சண்டையில் மனம் வெறுத்து, 2023-ல் ஓர் அட்மின் தன் சர்வரையே மூடுவதாக அறிவித்தார். சுமார் பன்னிரண்டாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். இன்னொரு சர்வர் ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய முகவரியை அழகுக்காக வாங்கியிருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த முகவரியைப் பறித்தது. பாலினச் சிறுபான்மையினர் கூடிப் பேசிய இடம் அது. சர்வர் மாறுகிறவர் தன்னைப் பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு போகலாம், எழுதியவற்றைக் கொண்டுபோக முடியாது. தனிச்செய்திக்கு மறைகாப்பும் இல்லை, அட்மின் நினைத்தால் படிக்கலாம். ஆனாலும் படிக்கக்கூடியவர் யார் என்று பெயரோடு தெரியும். பெருநிறுவனத்தில் அந்த நெருக்கம் கிடைக்குமா?

போட்டியாளர்களைப் பாருங்கள். ட்விட்டருக்குள் ஒரு திட்டமாக 2019-ல் பிறந்த புளூஸ்கை, 2024 பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டு கோடிப் பேரைக் கடந்தது. சர்வரைக் குறிக்கும் கட்டத்தில் தங்கள் பெயரை நிரப்பி வைத்திருந்தார்கள். விவரம் தெரிந்தவர் மாற்றிக்கொள்ளலாம், தெரியாதவர் கடந்து போகலாம். அவ்வளவுதான் அவர்கள் செய்த சூழ்ச்சி. நீங்கள் உடனே, இது உண்மையான பரவலாக்கமே அல்ல, எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று விளக்கினீர்கள். சொன்னது சரி. நீங்கள் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லாம் வேறு இடத்தில் இருப்பதுதான் சிறு குறை. திரெட்ஸ் உங்கள் நெறிமுறையில் இணையப் போவதாகச் செய்தி வந்தபோது, நூற்றுக்கணக்கான சர்வர்களின் அட்மின்கள், வரும் முன்பே தடைசெய்வோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மெட்டாவை நம்ப முடியாது என்பது நியாயமான காரணம். மெட்டாவுக்குள் இருக்கும் அத்தை, சித்தப்பா, பால்ய சிநேகிதர்களையும் அதோடு சேர்த்துத் தடைசெய்ததில்தான் கொள்கைப் பிடிப்பு முழுமை பெற்றது.

ஆகவே மாறாதீர்கள். ட்விட்டரை வாங்கிய நாள் முதல் மஸ்க் செய்த குழப்பங்களைச் சகித்துக்கொண்டு கோடிக்கணக்கானவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். போக வேறு இடமில்லை என்ற தைரியம் அவருக்கு. அந்தத் தைரியத்தை அவருக்கும் மெட்டாவின் சக்கர்பெர்க்குக்கும் கட்டணமில்லாமல், விளம்பரமில்லாமல், தன்னார்வமாகவே வழங்கி வருகிறீர்கள். சர்வர் செலவுக்கு நன்கொடை கேட்டு அடுத்த வேண்டுகோளை எழுதும்போது அவர்கள் இருவருக்கும் முதலில் அனுப்புங்கள். உங்களால் அவர்கள் அளவுக்குப் பயனடைந்தவர் யாருமில்லை.