உள்ளங்கை ஈரமும் உலக நாகரிகமும்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் காதலின் தொடக்க அறிகுறிகளைச் சொல்லும்போது நெற்றி வியர்ப்பதையும் சேர்த்திருக்கிறார். உள்ளங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் வியர்வையை எட்டு சாத்துவிக பாவங்களுள் ஒன்றாக ஏற்று, விசிறியை எடுப்பது போலவும் வியர்வையைத் துடைப்பது போலவும் நடித்துக் காட்டச் சொல்கிறது. விசிறிக்கு அடங்கும் வியர்வையைத்தான் அவரும் கண்டிருக்கிறார் என்பது தெளிவு. மார்கழி விடியற்காலையில் ஸ்வெட்டரும் மப்ளருமாக நிற்பவனின் உள்ளங்கையிலிருந்து சொட்டும் நீரை எந்த விசிறி என்ன செய்துவிடும்? ஆக, நெற்றி வியர்த்தால் அது நாணம், இலக்கணம், இலக்கியம். உள்ளங்கை வியர்த்தால் மட்டும், "என்னடா, கை இப்படி நசநசங்குது?" ஈராயிரம் ஆண்டுப் புறக்கணிப்பைச் சரிசெய்ய இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வின் வசதிக்காக மனித குலத்தை ஈரக்கையர், உலர்கையர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன், எனக்கும் கை வேர்த்தது என்று நடுவில் வந்து ஒட்டப் பார்ப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. அது வெப்ப வியர்வை, ஊருக்கே பொது. ஏசி அறையில், யாரும் ஒரு வார்த்தை சொல்லாதபோதும், டிவி ரிமோட்டைக்கூட ஈரமாக்கித் திருப்பிக் கொடுப்பவரே உண்மையான ஈரக்கையர்.

இவர்களின் உடற்கூறு முதலில். மனித உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை மிக நெருக்கமாகக் குடியிருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். முதுகும் மார்பும் வெயிலுக்குக் கட்டுப்பட்டவை. உள்ளங்கை பெரும்பாலும் மனசுக்குக் கட்டுப்பட்டது; தூங்கும்போது அங்கே வியர்ப்பது நின்றுவிடுவதே சாட்சி. நாய்க்கும் பூனைக்கும்கூட இந்த வகைச் சுரப்பி பாதத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஈரம் பிடியை இறுக்கும், நிறைய ஈரம் வழுக்கிவிடும் என்பதால், கிளை பற்றித் திரிந்த காலத்தில் அளவான ஈரத்துக்குப் பயன் இருந்திருக்க வேண்டும். ஈரக்கையருக்குச் சுரப்பிகள் ஒன்றும் கூடுதலாக இல்லை. அவற்றுக்கு ஆணை கொண்டுவரும் பரிவு நரம்புதான் ஒரு தடவை சொல்ல வேண்டியதைப் பத்துத் தடவை சொல்கிறது. நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இந்த அதிவியர்வைக்காரர்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். குடும்ப வழியாகவும் வரும். அப்பாவிடமிருந்து வீடு, நிலம் எதுவும் வராமல் இது மட்டும் வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

ஊர் மருத்துவம் இதை ஏற்பதில்லை. சித்தியைக் கேட்டால் உடம்புச் சூடு, மாமாவைக் கேட்டால் ரத்தம் கம்மி. பஸ் ஸ்டாண்டு சுவரைக் கேட்டால் நரம்புத் தளர்ச்சி. சுவர் மட்டும் கூடவே போன் நம்பரும் கொடுக்கும்.

அடுத்து அளவீடு. மருத்துவர்கள் இதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கவனத்துக்கே வராதது முதற்படி; தாங்கவே முடியாமல் அன்றாட வேலையை எப்போதும் கெடுப்பது நான்காம் படி. மேற்கில் அது போதுமாக இருக்கலாம். பொதுத்தேர்வு எழுதும் நாட்டுக்கு விடைத்தாளே சரியான அளவுகோல். முதல் பக்கம் முடிவதற்குள் மணிக்கட்டுக்குக் கீழே தாள் நமுத்து மேடு தட்டும். நீல மை மெல்லப் பரவி, ஐந்து மதிப்பெண் வினாவின் மூன்றாம் வரியை மேகமாக்கும். பையன் கர்சீப்பை நான்காக மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். மேற்பார்வையாளர் வந்துவிடுகிறார்.

"அடியில என்னடா?"

"வேர்வை சார்."

"உதறிக் காட்டு."

உதறினால் கர்சீப் உதறாது, கனமாகத் தொங்கும். இதில் அந்த ஆசிரியர் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை உண்டு. உள்ளங்கையில் பிட் எழுத முடியாத ஒரே இனம் ஈரக்கையர் இனம். அவர்களது நேர்மை கொள்கையால் வந்ததல்ல, உடற்கூற்றால் வந்தது. ஆகவே உலர்கையரின் நேர்மையைவிட உறுதியானது.

வயது வந்தோருக்கான தேர்வு ரேஷன் கடையில் நடக்கிறது. வரிசையில் நின்று முன்னுக்கு வந்த அக்கா கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறார். ஏற்கவில்லை. "கையைத் தொடச்சிட்டு வைங்கக்கா" என்கிறார் கடைக்காரர். முந்தானையில் துடைத்து வைக்கிறார், மறுபடியும் சிவப்பு. பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள், ஒரு பாமாயில் பாக்கெட் பொறுமையிழந்து கைமாறுகிறது. பின்னால் வரிசை முனகமுனக இங்கே கை இன்னும் ஊறுகிறது. கை ஊற ஊறக் கருவி மறுக்கிறது. கருவி மறுக்க மறுக்க வரிசை முனகுகிறது. கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் பிழைத்தார். வேடிக்கை என்னவென்றால், உழைத்து ரேகை தேய்ந்த வறண்ட விரலையும் இதே கருவி தள்ளிவிடும். ஈரமும் கூடாது, வறட்சியும் கூடாது என்றால் இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

குற்றவியல் துறையிலும் ஈரக்கையர் நிலை சிக்கலானது. உணர்ச்சிவசப்படும்போது தோலின் மின்தடை குறைவதை 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் ஃபெரே கவனித்தார். பின்னாளில் பொய் கண்டறியும் கருவி விரலில் மாட்டும் கம்பிகள் அளப்பது இதைத்தான். பெயர் கேட்டாலே கை நனைபவரை இந்தக் கருவிமுன் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நமக்கும் வேர்க்கிறது. நல்ல வேளையாக, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாத யாரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அடிப்படை, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு. உள்ளங்கைக்கும் வாய் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகவே இதை நான் படிக்கிறேன்.

இனி இக்கட்டுரையின் மையக் கருதுகோள்: வணக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் ஈரக்கையர். இதை நிறுவ நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எதிராளியைத் தொடாமல் முடியும் முகமன் அது. அதிலும் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி மூடிக்கொள்வதால், ஈரம் யார் கண்ணிலும் படாது. ஒரு கையின் குறையை இன்னொரு கைதான் அறியும். உலர்கையர் ஒருவருக்கு இப்படியொரு யோசனை தோன்றியிருக்க எந்த அவசியமும் இல்லை. கைகுலுக்கல் குளிர்நாட்டில் செழித்ததே, அங்கேயும் ஈரக்கையர் இருந்திருப்பார்களே என்று மறுப்பாளர் கேட்கலாம். இருந்தார்கள், கையுறை போட்டுக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அன்றைய பிரிட்டன் இளவரசர் சார்லஸ், நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டு வணக்கம் வைத்தார். உலகம் அதைக் கிருமிக்குப் பயந்த செயல் என்றது. எங்கள் தரப்பு அதைத் தாமதமாக வந்த வெற்றி என்று குறித்துக்கொண்டது. அதே ஆண்டு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் பந்தில் எச்சில் தடவத் தடை விதித்து, வியர்வைக்கு மட்டும் அனுமதி கொடுத்ததையும் இவ்விடத்தில் சேர்த்துப் படிக்கவும்.

ஒரே ஓர் இடத்தில் ஈரக்கை மன்னிக்கப்படுகிறது. மணவறையில் கைத்தலம் பற்றும்போது ஓமப் புகை, பட்டு வேட்டி, வீடியோக்காரரின் லைட் என்று பழியை ஏற்க மூன்று பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சிகிச்சை வரலாற்றைச் சுருக்க முடியாது. முதலில் எல்லோரும் போவது பவுடருக்கு. கேரம் போர்டுக்கு வாங்கிய போரிக் பவுடரை அள்ளிப் பூசினால் கால் மணி நேரத்தில் உள்ளங்கை போஸ்டர் ஒட்டும் பசை வாளி போல ஆகிவிடும். டீத்தூள் கொதிக்கவைத்த நீரில் கையை ஊறவைப்பதுண்டு. அதன் துவர்ப்புக்கு ஓரளவு பலன் இருக்கிறது, கை நிறம் மாறுவதும் உண்டு. சலூனில் சவரம் முடிந்து முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லை எள்ளி நகையாட வேண்டாம். அது ஓர் அலுமினிய உப்பு. தோல் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுப்பதும் இன்னோர் அலுமினிய உப்புதான்: 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். சுரப்பியின் வாயை அது தற்காலிகமாக அடைக்கும். கையை நன்றாக உலர்த்தி, இரவில் பூசி, காலையில் கழுவ வேண்டும். 'உலர்த்தி' என்ற இடத்தில் ஈரக்கையர் கசப்பாகச் சிரிப்பார்கள். ஆனால் நரம்பு தூங்கும் நேரம் பார்த்து மருந்து வேலையை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எரிச்சல் வந்தால் இடைவெளி விட வேண்டும்.

அடுத்தது தண்ணீரும் மின்சாரமும். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை, அதன் வழியே 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் சில தடவை. கேட்டதும் அம்மா, "கரண்டு ஓடுற தண்ணியில கைய வைக்கச் சொன்னவன் டாக்டரா?" என்பார். டாக்டர்தான். உள்ளங்கைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஏன் என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. இதற்கென்று செய்த கருவியில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டு பிளக்கில் அல்ல. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கூடவே கூடாது.

சுருக்கம் போக்க முகத்தில் போடும் போடாக்ஸ் ஊசியை உள்ளங்கையில் போட்டால் நரம்பின் ஆணை சுரப்பிக்குப் போய்ச் சேராது. நாலு முதல் ஆறு மாதம் கை காய்ந்திருக்கும். கை நிறையக் குத்த வேண்டும், வலிக்கும், சில வாரம் பிடி தளரலாம். கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. கை காயும், கூடவே வாயும் காயும்.

சிகிச்சைக்கு நடுவே ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். எங்கெங்கே வியர்க்கிறது என்று காட்ட விக்டர் மைனர் என்ற ரஷ்ய மருத்துவர் பெயரில் அது இருக்கிறது. அயோடின் பூசி, காய்ந்தபின் மாவுப்பொடி தூவினால் வியர்க்கும் இடமெல்லாம் கருநீலமாகும். ஏழாம் வகுப்பில் உருளைக்கிழங்குக்குச் செய்த அதே சோதனை.

கடைசியாகக் கத்தி. பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவையை வியர்வைக்காக 1920இல் கோட்சரெஃப் என்ற மருத்துவர் செய்தார். இன்று மார்பில் சிறு துளை வழியே செய்கிறார்கள். கை அன்றே காய்ந்துவிடும். பிறகு பலருக்கு முதுகும் வயிறும் தொடையும் வியர்க்கத் தொடங்கும், சிலருக்குச் சட்டை பிழியும் அளவுக்கு. இதை 'வியர்வை அழியாமை விதி' என்று அழைக்க முன்மொழிகிறேன். இந்த விதியைக் கேட்டுப் புரிந்துகொண்டு, மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

கை மட்டுமன்றி உடம்பு முழுதும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள். கை மட்டும்தான் என்றாலும் தோல் நோய் மருத்துவரைப் பார்க்கலாம். அலுமினியத்தில் தொடங்கச் சொல்வார்.

நேர்முகத் தேர்வு நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். வருபவர் வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்லுங்கள். கையை நீட்டியே தீருவேன் என்றால் மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி வையுங்கள், வருபவரின் பக்கமாக.