காலில் சேறு படாத படிப்பு

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் உயர்கல்வி கற்பித்தலைச் சீர்திருத்தியவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். இவ்வளவு பெரிய மாற்றத்தை, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் தெரியாமல் நடத்திக் காட்டுவது யாராலும் ஆகிற காரியமா?

இன்றைய வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே கே1 முதல் கே6 வரை ஏதோ ஒரு குறி இருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1956இல் வகுத்து, பின்வந்தவர்கள் 2001இல் திருத்திய படிநிலை அது. மனப்பாடம் அடிப்படியில், புதிதாகப் படைப்பது உச்சிப்படியில். அந்த உச்சிப்படிக் கேள்விக்கும் போன வருஷத்து நோட்ஸை ஒப்பித்தே முழு மதிப்பெண் வாங்க வழி செய்திருக்கிறோம். புளூமால்கூட இது முடிந்திருக்காது.

பாடத்தின் பயனையும் பட்டத்தின் பயனையும் இணைத்து 3, 2, 1 என்று எண் போடும் கட்டங்கள் இன்னொரு சாதனை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் காலத்தில் ஆசிரியர்கள் பாடம் தயாரிக்கும் நேரத்தையே இதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தியாகத்துக்கு ஈடு இல்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பில் காட்டும் அக்கறையையும் சொல்ல வேண்டும். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காடு பதினைந்து கிலோமீட்டர்தான். சேற்றிலிருந்து ஈட்டி ஈட்டியாக மேலே நீட்டி நிற்கும் வெண்கண்டலின் மூச்சுவேரை அங்கே கையால் தொட்டே பார்க்கலாம். நாமோ அதைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களையும் குறித்துக் கொடுத்துவிடுகிறோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுவந்தால் ஒரு செமஸ்டர் முழுவதற்கும் வேதியியல் கிடைக்கும். நாமோ விடை முன்பே தெரிந்த உப்பைத்தான் ஆய்வுக்கூடத்தில் தருகிறோம். எந்தப் பிள்ளையும் ஏமாறுவதில்லை. 2004 சுனாமியைக் கண்ணால் கண்டவர்கள் தேவனாம்பட்டினத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தராமல், பேரிடர் மேலாண்மையை ஐந்து மதிப்பெண் குறிப்பாக முடித்துக்கொள்கிற பண்பும் நம்முடையது.

பரங்கிப்பேட்டையை மட்டும் இந்தப் புகழில் சேர்க்க முடியவில்லை. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்த அங்குள்ள கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையிலேயே இருக்கிறது. அங்கே மாணவர்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள், வலை போடுகிறார்கள், கிடைத்ததை எண்ணுகிறார்கள். கே6 என்ற குறி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இப்படிக் கெட்டுப்போன இடம் அது. நம் வழிக்கு இனி எப்படி வரும்?

எல்லாவற்றிலும் பெரிது நம் சிக்கனம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகள் 25,000 ரூபாய்க்கே, மே மாதச் சம்பளமும் இல்லாமல், நெட்டும் பிஎச்.டி.யும் முடித்தவர்களை அமர்த்திக்கொள்ளும் சாமர்த்தியம் உடையவை. வரும் ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாத அந்த மனிதரிடம்தான் புதுமைக் கற்பித்தல் அறிக்கையையும் கேட்கிறோம். பிச்சாவரத்துக்கு ஒரு பஸ் பிடிக்கக் காசு தருவீர்களா என்று திருப்பிக் கேட்காமல், கேட்ட தேதிக்குள் அவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இப்படிப்பட்ட ஆசிரியர்களைப் பெற நாம் என்ன செய்தோம்?